ஒற்றைக் காதுக்கான இசை

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்தும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆகிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இடது காது கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்று அவளுக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டாள். சாப்பிடும்போது யார் பேசினாலும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறாள் என்று என் வீட்டுக்காரிதான் முதலில் கவனித்தாள். போன மாதம் அம்மா குளியலறையில் தலைசுற்றி, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். காது நரம்பில் ஏதோ வளர்ந்திருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர்.

எடுக்க வேண்டியவன் நான். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் சமாதானம் சொல்லி அந்த ஸ்கேன் மெஷின் குழாய்க்குள் அனுப்புகிறேன். பெற்ற தாயை அனுப்ப முடியவில்லை. முதல் தடவை மெஷின் தட்ட ஆரம்பித்ததுமே கையில் கொடுத்திருந்த பட்டனை அமுக்கி வெளியே வந்துவிட்டாள். இரண்டாவது தடவை பட்டனுக்கெல்லாம் காத்திருக்கவில்லை, முகத்துக்கு மேலிருந்த கூண்டைத் தானே பிடித்துத் தள்ளினாள். "சுத்தியால அடிக்கறாங்கடா மண்டைக்குள்ள. என்னை உட்ரு, காது போனா போகட்டும்" என்கிறாள். மயக்க மருந்து கொடுக்கலாம் என்றால் அவளுடைய நுரையீரலை நினைத்து டாக்டர் யோசிக்கிறார்.

உள்ளே படுத்திருப்பவர்களுக்குப் பாட்டுப் போட ஒரு ஹெட்போன் இருக்கிறது. ஆனால் எங்களிடம் இருக்கும் பாட்டெல்லாம் மெஷின் சத்தத்தோடு மல்லுக்கு நிற்கிறது. ஒரு தொல்லைக்கு இரண்டு தொல்லை. அந்தச் சத்தத்தையே தாளமாக எடுத்துக்கொள்கிற மாதிரி ஒன்று செய்ய உன்னால் முடியும் என்று நினைக்கிறேன். வேறு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மற்றதையெல்லாம் இதில் கலக்க வேண்டாம். இது ஸ்கேன் விஷயம்.

தம்பி


பிப்ரவரி 11

டப்பா,

உன் கடிதம் வந்தது. பிரித்துப் படித்துவிட்டு மேஜையில் வைத்தேன். அம்மாவுக்கு ஒரு காது போய்விட்டது என்று படித்தபோது எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அடுத்த வரியைப் படித்தேன்.

ஸ்கேன் விஷயம் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் விழுந்தபோது நான் ஹெட்போன் மாட்டி வேலை செய்துகொண்டிருந்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். கேட்டிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அம்மா, "அதக் காதுல மாட்டிக்கிட்டான்னா பக்கத்துல இடி விழுந்தாக்கூட இவளுக்குக் கேக்காது. பாவம், எத்தனை தரம் கூப்பிட்டாரோ" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ வாசலில் செருப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நான் இசை எதுவும் செய்யவில்லை. சம்பளத்துக்கு ஒலிகள் செய்கிறேன். லிஃப்ட் கதவு திறக்கும்போது வரும் மணி. கார்டு செல்லவில்லை என்று சொல்லும் பீப். "இது கேக்கறதுக்கு கொஞ்சம் சோகமா இருக்கு மேடம்" என்று மேனேஜர் திருப்பி அனுப்புவார். சுருதியை ஒரு புள்ளி ஏற்றி அனுப்புவேன், சந்தோஷமாகிவிடும். வேலை இவ்வளவுதான். வீட்டில் ஹெட்போனைத் தொடுவதில்லை. சின்ன ஸ்பீக்கரில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்கிறேன்.

செய்கிறேன் என்று சொல்லவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன். மெஷின் ஒரே மாதிரி தட்டுமா, மாறி மாறித் தட்டுமா? அந்த ஹெட்போன் எப்படிப்பட்டது? சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. அளந்து பார்க்க மட்டும்தான். பதிவு செய்த ஒலியை நான் உள்ளே சேர்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும். மைக்கும் கிடையாது, வாத்தியமும் கிடையாது. கம்ப்யூட்டரில் வெறும் ஒலி அலையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

பதிவு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதில் கேட்காததைச் சொல்கிறேன்.

ஆள் உள்ளே இல்லாதபோதும் மெஷின் சும்மா இருக்காது. குளிர வைக்கும் பம்பு ஒன்று இரவும் பகலும் குருவி மாதிரி கீச், கீச் என்று ஒரே சீராகக் கத்திக்கொண்டிருக்கும். படம் எடுக்க ஆரம்பித்ததும் கட்டம் கட்டமாகச் சத்தம் மாறும். முதல் கட்டம் யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுவது போல. அடுத்தது சுவரில் துளை போடுகிற மாதிரி. பிறகு கப்பல் சங்கு மாதிரி நீளமாக ஒன்று. நடுவில் ஊசி மருந்து ஏற்றுவோம், அப்போது கொஞ்சம் அமைதி. பிறகு மறுபடி இரண்டு கட்டம் தட்டல். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஹெட்போனைப் பார்த்தால் நீ சிரிப்பாய். காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது, அதனால் ரப்பர் குழாய் வழியாகத்தான் காதுக்குச் சத்தம் வரும். தெருக்கோடியிலிருந்து யாரோ தண்ணீர்க் குழாய்க்குள் பேசுகிற மாதிரி இருக்கும். கனமான ஒலியும் போகாது, மெல்லிய ஒலியும் போகாது.

எனக்கு ஒரு யோசனை. சலவைக் கடை நடத்தின காலத்தில் மெஷின்கள் அத்தனையும் ஓடும்போது அம்மா நாற்காலியில் சாய்ந்து நன்றாகத் தூங்குவாளே, அந்தச் சத்தத்தைச் செய்து கொடு. கடையில் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பாள்.

செருப்பு விஷயத்தைப் படித்தேன். பதில் எழுதி, கிழித்துவிட்டேன். நீங்கள் இருவரும் பேசாமல் இருக்கிறீர்கள், நடுவில் தபால்காரன் வேலை எனக்கு. அவளுடைய மாத்திரை, அவளுடைய இருமல், அவளுடைய வாய், எல்லாம் என் வீட்டில்தான் இருக்கின்றன. அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

தம்பி


மார்ச் 2

டப்பா,

உன் யோசனைப்படியே செய்து அனுப்பியிருக்கிறேன்.

சலவை மெஷினின் உருளல், வெறும் இரைச்சலை வடிகட்டிச் செய்தது. இரைச்சல் என்றால் எல்லா ஒலியும் ஒன்றாக இருப்பது. அதிலிருந்து வேண்டாததை வெட்டிக்கொண்டே வந்தால் எது வேண்டுமானாலும் கிடைக்கும். துணிகள் விழும் சத்தத்துக்கு ஒரு அலையை எடுத்து, ஆரம்பித்ததுமே கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன். நீ சொன்ன பம்பின் வேகத்தைத் தாளமாக வைத்துக்கொண்டேன். கதவு தட்டும் கட்டம் வரும்போது அது தண்ணீர் நிரம்பும் சத்தத்தோடு சேர்ந்துவிடும். உருளலை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைத்திருக்கிறேன், கடைக்குள் நிற்பது போல இருக்கட்டும் என்று.

நன்றாக வந்திருக்கிறதா என்று என்னைக் கேட்காதே. கணக்குப் போடுவது போலச் செய்தேன். விடை சரி.

அக்கா


மார்ச் 9

அக்கா,

தோல்வி. முழுத் தோல்வி.

முதல் கட்டம்கூட முடியவில்லை, பட்டன் அடித்துவிட்டது. ஓடிப்போய் அவள் படுத்திருந்த மேஜையை வெளியே இழுத்தேன். "கடையை இழுத்து மூடிட்டு இப்பத்தான் நிம்மதியா இருக்கேன், திரும்ப அங்கயே கொண்டுபோய்ப் படுக்க வைக்கறியா? அங்க தூங்கினேன்னா அது அசதிடா, ஆசை இல்ல" என்று நர்ஸ் முன்னால் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். என் யோசனைதான், உன் மேல் குற்றமில்லை. அதோடு இடது பக்கம் நீ வைத்ததெல்லாம் வீண். அந்தக் காதுதான் கேட்காதே! இருவருக்குமே அது தோன்றவில்லை பார்.

யார் செய்தது என்று கேட்டாள். சொன்னேன். வீட்டுக்கு வந்து படி ஏறும்போது, "இன்னும் அந்த மிக்ஸி சத்தந்தான் பண்ணிக்கிட்டிருக்காளா?" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே அவளாகச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சத்தத்துக்கு நான் பயப்படலடா. என் ஆயுசுல கேக்காத சத்தமா? எப்ப முடியும்னு தெரியாம கெடக்கறேன் பாரு, அதான். பாதியா, முக்காலா, இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா, ஒண்ணும் புரியல. அங்க நான் கெடக்கறத எல்லாரும் மறந்துட்டாங்கன்னு தோணுது."

டாக்டர் அவசரப்படுத்துகிறார். அம்மாவை மறுபடி வரவழைப்பது என் பாடு. நீ இன்னொரு முறை முயற்சி செய்வாயா என்பதை மட்டும் எழுது.

தம்பி


மார்ச் 13

டப்பா,

செய்கிறேன்.

கட்டங்கள் என்ன வரிசையில் வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்று துல்லியமாக எழுதி அனுப்பு. ஊசி போடும் இடைவெளியையும். நடுவில் வரிசையை மாற்றாதே, உன் டாக்டர் கேட்டாலும்.

எல்லாவற்றையும் வலது காதுக்கே வைக்கிறேன்.

அக்கா


மார்ச் 30

டப்பா,

அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைக் கவனமாகப் படி.

ஆரம்பத்தில் ஐந்து ஒலிகள் ஒன்றாக ஒலிக்கும். ஐந்தும் வேறு வேறு ஆள் மாதிரி இருக்கும், குழப்பிக்கொள்ள முடியாது. ஒரு கட்டம் முடிந்ததும் ஒரு ஒலி விடைபெற்றுப் போகும். அது திரும்பி வராது. எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று பார்த்தால் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். கடைசியில் ஒன்றே ஒன்று இருக்கும். அது நின்றால் மெஷினும் நின்றுவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

ஐந்துமே ஒரே அலையிலிருந்து பிறந்தவை. ஒன்றை மடித்தேன், ஒன்றைச் சீவினேன், ஒன்றைத் தன்னோடு தானே மோதவிட்டேன். குழாய் வழியாகப் போய்ச் சேரும் அளவுக்குள் ஐந்து பேரையும் நிற்க வைப்பதுதான் கஷ்டம். சின்ன அறையில் ஐந்து நாற்காலி போடுவது போல. ஒருவர் கையை நீட்டினால் இன்னொருவர் மேல் இடிக்கிறது. ஸ்பீக்கரில் இது தெரியவில்லை. இரண்டு வாரம் ஸ்பீக்கரிலேயே இழுத்துப் பார்த்தேன். முடியாது என்று தெரிந்துவிட்டது. காதில் மாட்டித்தான் ஆக வேண்டும்.

மாடி வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். படியில் பார்த்தால் தலையாட்டுவோம், அவ்வளவுதான் பழக்கம். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, நான் வேலை செய்யும்போது என் வீட்டில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். "காதுல மாட்டிக்கிட்டா எனக்கு வெளியில எதுவும் கேக்காது. ஏதாவது சத்தம் வந்தா என் தோளைத் தொடணும்" என்றேன். அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும். "பேப்பர் திருத்தற வேலை இருக்கு, அத அங்க உக்காந்து பண்றேன்" என்று பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அப்படித்தான் இதை முடித்தேன். தினமும் மாலை பள்ளி விட்டதும் வருவார். ஒரு தடவை தோளைத் தொட்டார். பாதித் தூக்கத்திலிருந்து எழுப்பியது போல எழுந்து நின்றுவிட்டேன். "பால் பொங்குதும்மா" என்றார்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

அம்மா தினமும் உன் இசையைக் கேட்கிறாள். கட்டிலில் படுத்து, கையைப் பக்கத்தில் வைத்து, அசையாமல், பரீட்சைக்குத் தயாராகிறவள் மாதிரி. என் வீட்டுக்காரி துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

ஒலிகளுக்கு அம்மா பெயர் வைத்துவிட்டாள். முதலில் விடைபெறுவது விருந்தாளி. "வந்தான், காபி குடிச்சான், போயிட்டான்" என்கிறாள். இரண்டாவது கொசு. மூன்றாவது பம்பு செட்டு. நான்காவது, நம் பழைய வீட்டு ஓனராம், மூச்சிரைத்துக்கொண்டே படியேறுகிறாராம். கடைசிக்குப் பெயர் வைக்கவில்லை. கேட்டேன். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, அதுக்கு எதுக்குப் பேரு?" என்றாள்.

ஒரு திருத்தம் வேண்டுமாம். "கொசுவைக் கொஞ்சம் சீக்கிரமா அனுப்பச் சொல்லு. காதோரத்துலயே சுத்தறான்." உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். "செஞ்சவகிட்ட சொல்லாம வேற யாருகிட்ட சொல்றது?" என்றாள். எரிச்சலாகத்தான் சொன்னாள். இருந்தாலும் எழுதுகிறேன்.

இந்த மாதம் பதினேழாம் தேதி மூன்றாவது முறை.

தம்பி


ஏப்ரல் 10

டப்பா,

கொசுவைச் சீக்கிரம் அனுப்ப முடியாது, கணக்குத் தவறிவிடும். காதைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பறக்கவிட்டிருக்கிறேன். அம்மாவிடம் காரணத்தையும் சொல்லிவிடு. இல்லாவிட்டால் நான் காதில் வாங்கவில்லை என்று நினைப்பாள்.

புதிய பதிவு இத்துடன்.

அக்கா


ஏப்ரல் 18

அக்கா,

எடுத்தாகிவிட்டது. முழுவதும்.

நேற்று காலை முதல் ஆளாக அழைத்துப் போனேன். மேஜையில் அவளாகவே ஏறிப் படுத்தாள். கூண்டை மாட்டும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, பம்பின் கீச்சோடு சேர்த்து உன் இசையைத் தொடங்கினேன். முதல் தட்டல் சரியாக வந்து விழுந்தது. அவள் கால் பெருவிரல் மட்டும் தெரியும் எனக்கு. அது தாளத்துக்கு அசைகிறதா, பயத்தில் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். விருந்தாளி போனான். கொசு போனான். ஊசி போட உள்ளே போனேன், கண்ணைத் திறக்காமலே, "பம்பு செட்டுதானே இப்ப போச்சு?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான்காவது கட்டத்தில் இருமிவிட்டாள். அவளுடைய அந்த இருமல்தான். தலை அசைந்துவிட்டது. நரம்பு தெரிய வேண்டிய படம் அதுதான், புகை மாதிரி கலங்கிப்போயிருந்தது. பக்கத்தில் நின்ற டாக்டர், கடைசி கட்டம் முடிந்ததும் இதைத் திரும்ப எடுத்துவிடு, இன்னொரு நாள் இவர் வருவார் என்று தோன்றவில்லை என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் உன் இசை அதற்குள் முடிந்துவிடுமே.

முடிந்தது. கடைசி ஒலி மெல்ல இறங்கி நின்றது. மெஷின் நிற்கவில்லை. நான் மைக்கில், "அம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அசையாத" என்றேன். அந்தத் தட்டலில் அது அவளுக்குக் கேட்டதா தெரியாது. பட்டன் இப்போது அடிக்கும், இப்போது அடிக்கும் என்று கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. பெருவிரல்கூட அசையவில்லை. ஒருவேளை மூச்சு நின்றுவிட்டதோ என்று கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். திரையில் படம் வந்தது. அப்படித் தெளிவான ஒரு படத்தை நான் பார்த்ததில்லை.

வெளியே இழுத்து, கூண்டை எடுத்தேன். மேலே பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ உளறினேன். கையை ஆட்டி நிறுத்தினாள்.

"அவ சொன்ன எடத்துல நிறுத்திட்டா. நீதான் நிறுத்தல."

"தெரியும்மா."

"அவ மேல ஒரு தப்பும் இல்ல." பிறகு எழுந்து உட்கார்ந்து, முடியை முடிந்துகொண்டு, இன்னொரு முறை சொன்னாள். "அவ மேல தப்பு இல்லடா. எழுதும்போது எழுது."

எழுதிவிட்டேன்.

இருக்கிறது, அக்கா. காது நரம்பில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. கெட்ட கட்டியாக இருக்க வாய்ப்பு குறைவு என்கிறார்கள். ஆனால் மயக்க மருந்துக்குத் துணிந்தாவது எடுத்துவிட வேண்டும். அந்தக் காது திரும்ப வராது. மே மாதம் ஆறாம் தேதி ஆபரேஷன். பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன்.

தம்பி


ஏப்ரல் 24

டப்பா,

உன் மேல் எனக்குக் கோபம்.

திரும்ப எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு வார்த்தை நீ எழுதவில்லை. இருமுவாள் என்று தெரிந்தவன் நீ. ஏமாற்று இல்லை என்று நான் அம்மாவுக்குச் சொல்லியனுப்பினேன், நீ என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைசி ஒலியை வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்கிற மாதிரி வைத்திருப்பேன். அது ஒன்றும் பெரிய வேலையில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். "மடையன், மடையன்" என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. டீச்சர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "யாரைம்மா திட்டறீங்க?" என்றார். என் தம்பியை என்றேன். "அப்ப சரி" என்று திரும்பப் போய்விட்டார்.

இவ்வளவு கோபம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை இருந்தது. பிறகு பசித்தது.

அம்மா சொன்னதை அன்று படிக்கவில்லை. படித்தேன், ஆனால் அதன் மேல் கண்ணை ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் படித்தேன். அவள் சொன்னது இசையைப் பற்றித்தான். அதற்கு மேல் அந்த வரியில் எதையும் ஏற்றக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு தரம் சொன்னதை அம்மா ஏன் இரண்டாம் தரம் சொன்னாள்? உன்னைக் கேட்கவில்லை. உனக்கும் தெரியாது. அவளைக் கேட்டாலும் "என்ன சொன்னேன்?" என்பாள்.

ஆறு மாதம் கழித்து வரும் ஸ்கேனுக்குப் புதிதாகச் செய்கிறேன். அதற்கு முன்னால் நான் அந்தக் குழாய்க்குள் ஒரு முறை படுக்க வேண்டும், நீ மெஷினை ஓட்ட வேண்டும். பதிவில் கேட்டுச் செய்தது போதாது. முடியுமா என்று உன் டாக்டரைக் கேட்டு வை.

ஆபரேஷன் அன்று வெளியே பெஞ்சில் உட்கார ஆள் வேண்டும். உன் வீட்டுக்காரிக்கு வீட்டில் வேலை இருக்கும், நீ உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருப்பாய். நான் உட்காருகிறேன். கம்பெனியில் லீவு சொல்லிவிட்டேன். மேனேஜர் எதற்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அதைச் சொன்னபோது குரல் எனக்கே கரகரவென்று கேட்டது, ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி.

பெரிதாக எதையும் எதிர்பார்க்காதே. அழுகை, கட்டிப்பிடிப்பது எதுவும் நடக்காது. அம்மாவுக்கும் வராது, எனக்கும் வராது. வருவேன், இருப்பேன். நான் வருவதை அவளிடம் சொல்லிவிடு. திடீரென்று போய் நிற்க எனக்குத் தைரியமில்லை.

மே நான்காம் தேதி மதியம் வந்து சேருவேன். ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வராதே. நடந்தே வருகிறேன். அவளிடம் முதலில் என்ன பேசுவது என்று யோசிக்க எனக்கு அவ்வளவு தூரமாவது வேண்டும்.

அக்கா